அமர்ந்து எறியும் ஈட்டியில் ஒன்பது மீட்டர் என்பது எவ்வளவு?

பெருந்துறைக்கு அருகிலிருந்து எழுதியிருக்கும் சகோதரர் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன்; பிழையாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்தலாம். அவருடைய தங்கைக்கு இப்போது 19 வயது. பள்ளி நாட்களில் ஈட்டி எறிதலில் மாவட்ட அளவு வரை சென்று 31 மீட்டர் எறிந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த இருசக்கர வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, தொப்புளுக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் இல்லாமல் போயிற்று. ஆறு மாதமாகச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மீண்டும் ஈட்டி எறிந்து பார்க்கிறார். தூரம் 9 மீட்டரைத் தாண்டவில்லை. டோக்கியோ பாராலிம்பிக்கில் ஒரு பெண் 24.50 மீட்டரிலும் இன்னொரு பெண் 40.99 மீட்டரிலும் தங்கம் வென்றதைப் படித்துவிட்டு, ஒரே விளையாட்டில் இது எப்படி முறையாகும், தங்கை தன்னை எதோடு ஒப்பிட வேண்டும், தனி இருக்கை செய்யப் பணம் போடுவது வீணாகுமா என்று அண்ணன் கேட்கிறார். கேள்வி விதிமுறையைப் பற்றியது போலத் தோன்றுகிறது. ஆனால் அந்த வீட்டில் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: ஒன்பது மீட்டர் சிறிய எண்ணா, பெரிய எண்ணா?

நான் கோவையில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எறிதல் போட்டிகளில் ஈடுபடும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பயிற்சி கொடுத்து வருகிறேன். அவர்களில் பாதிக்கு மேல் அமர்ந்து எறிபவர்கள். நான் மருத்துவன் அல்லன். போட்டியாளர்களைப் பிரிவு பிரிக்கும் அதிகாரம் பெற்ற வகைப்பாட்டாளனும் அல்லன். ஆகவே கீழே விதி என்று சொல்வதை விதியாகவும், என் கணக்கு என்று சொல்வதைக் கணக்காகவும், என் எண்ணம் என்று சொல்வதை வெறும் எண்ணமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுத்திறனாளிகளின் தடகளத்தில் தூரத்தைத் தனியாக வாசிக்கவே கூடாது. அதன் முன்னால் நிற்கும் பிரிவு எண்ணோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். 40.99 மீட்டர் எறிந்தவர் நியூசிலாந்தின் ஹாலி ராபின்சன். அவர் போட்டியிட்டது எஃப் 46, அதாவது ஒரு கையில் குறைபாடு உள்ளவர்கள் நின்று, ஓடி வந்து எறியும் பிரிவு. 24.50 மீட்டர் எறிந்து அன்றே உலக சாதனையும் படைத்தவர் ஈரானின் ஹாஷெமியே மோத்தகியான். அது எஃப் 56, அமர்ந்து எறியும் பிரிவு. அதற்கு முந்தைய ரியோ போட்டியில், உடற்பகுதியின் வலுவும் இல்லாதவர்களுக்கான எஃப் 54 பிரிவில், நைஜீரியாவின் ஃப்ளோரா உக்வுன்வா 20.25 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார்; அப்போது அது உலக சாதனை. குறைபாடு இல்லாத பெண்களில் நம் நாட்டின் அன்னு ராணி 2022இல் எறிந்த தேசிய சாதனை 63.82 மீட்டர். இந்த நான்கு எண்களையும் ஒரே தாளில் மேலிருந்து கீழாக எழுதினால் ஏதோ தரவரிசைப் பட்டியல் போலத் தெரியும். உண்மையில் அவை நான்கு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். இந்தியப் பெண் ஒருவர் பாராலிம்பிக்கில் வென்ற முதல் பதக்கமே இதற்கு நல்ல சான்று: 2016இல் ரியோவில், எஃப் 53 பிரிவில், தீபா மாலிக் குண்டு எறிந்து வெள்ளி வென்ற தூரம் 4.61 மீட்டர். நம் பள்ளி மைதானத்தில் எட்டாம் வகுப்புப் பெண் அதைவிட அதிகம் எறிந்திருப்பார். அந்த ஒப்பீட்டில் ஒரு பொருளும் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஈட்டி எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்க்க வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்குக் கைதான் எறிகிறது. எறிபவரின் உடலில் அந்த வேகம் காலில் தொடங்குகிறது. ஓடி வந்து, கடைசி இரண்டு மூன்று அடிகளில் கால்களைக் குறுக்காக மாற்றி, முன் காலை மண்ணில் ஊன்றி விறைப்பாக நிறுத்தும்போது, ஓடி வந்த உடல் திடீரென்று தடுக்கப்பட்டு, அந்த வேகம் இடுப்புக்கும், இடுப்பிலிருந்து மார்புக்கும், அங்கிருந்து தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஏறிக்கொண்டே போய் விரல் நுனியில் சாட்டையாகச் சொடுக்குகிறது. எஃப் 46 பிரிவில் இருப்பவருக்கு இந்தச் சங்கிலி ஏறக்குறைய முழுதாக இருக்கிறது; எதிர்ப்பக்கக் கை தரும் சமநிலைதான் குறைகிறது, அதுவும் சிறிய இழப்பு அன்று. அமர்ந்து எறிபவருக்கு ஓட்டமும் இல்லை, ஊன்றும் காலும் இல்லை. சங்கிலி இடுப்பிலிருந்தோ, மார்பிலிருந்தோ, தோளிலிருந்தோதான் தொடங்குகிறது. உங்கள் தங்கை 31 மீட்டர் எறிந்தபோது இருந்த கண்ணிகளில் முதல் மூன்று இன்று இல்லை. மீதியிருக்கும் கண்ணிகளைக் கொண்டு அவர் 9 மீட்டர் எறிகிறார். அந்தப் பழைய 31, வீட்டுச் சுவரில் சான்றிதழாகத் தொங்குமானால் தொங்கட்டும்; பயிற்சி நோட்டில் மட்டும் அதை எழுத வேண்டாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 18 வயதுக்கு உட்பட்ட பெண்களின் போட்டிகளில் ஈட்டியின் எடை 500 கிராம். அவர் எறிந்தது அந்த ஈட்டியாக இருந்தால், இப்போது கையில் இருப்பது 600 கிராம் ஈட்டி. அமர்ந்து எறியும் எஃப் 54 முதல் எஃப் 57 வரையிலான பெண்களுக்கு மூத்தோர் போட்டியில் இந்த எடைதான்.

இனி, அமர்ந்து எறியும் பிரிவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதுகுத்தண்டு பாதிப்பு, போலியோ, கால் இழப்பு போன்ற காரணங்களால் அமர்ந்து எறிபவர்கள் எஃப் 51 முதல் எஃப் 57 வரை வருகிறார்கள். எண் கூடக் கூட உடலில் மீதியிருக்கும் வலுவும் கூடும். எஃப் 51, 52, 53 ஆகிய மூன்றும் கையிலேயே பாதிப்பு உள்ளவை. எஃப் 51 பிரிவினர் ஈட்டிக்குப் பதிலாகக் 'கிளப்' எனப்படும் மரக்கட்டையை எறிகிறார்கள். எஃப் 54இல் இரு கைகளும் முழு வலுவோடு இருக்கும். ஆனால் வயிற்றுத் தசைகளும் முதுகுத் தசைகளும் துணைக்கு வாரா, பிடிப்பில்லாமல் நிமிர்ந்து உட்காரவும் இயலாது. எஃப் 55இல் உடற்பகுதி ஓரளவோ முழுமையாகவோ வேலை செய்யும், கால்கள் செய்யா. எஃப் 56இல் இடுப்பை மடக்கவும் தொடைகளைச் சேர்க்கவும் கொஞ்சம் வலு இருக்கும். எஃப் 57இல் அதைவிடக் கூடுதல். அவர்களில் பலர் எழுந்து நடப்பார்கள், போட்டியில் மட்டும் அமர்ந்து எறிவார்கள். தொப்புள் மட்டத்தில் உணர்ச்சி நிற்கிறது என்றால் பொதுவாக அது மார்புப் பகுதித் தண்டுவடத்தின் பத்தாவது நரம்பு மட்டம். அந்த மட்டத்தில் முழுப் பாதிப்பு உள்ள பலரிடம் மேல் வயிற்றுத் தசை பிழைத்திருக்கும், கீழ் வயிற்றுத் தசை பிழைத்திராது. அத்தகையவர்கள் எஃப் 55இல் வைக்கப்படுவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். இது என் ஊகம் மட்டுமே. உணர்ச்சி நிற்கும் இடமும் தசை நிற்கும் இடமும் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. அவரைப் பலகையில் அமர்த்தி, தோளைத் தள்ளிப் பார்த்து, தசை தசையாகச் சோதிக்காமல் எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. கடிதத்தை வைத்துப் பிரிவு சொல்பவரை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து.

இங்கே நம் ஊர்களில் மீண்டும் மீண்டும் நேரும் ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். அரசு மருத்துவர் குழு தரும் ஊனச் சதவீதச் சான்றும், அதன் பேரில் கிடைக்கும் அடையாள அட்டையும் ஒன்று. விளையாட்டு வகைப்பாடு முற்றிலும் வேறொன்று. 75 விழுக்காடு என்று அட்டையில் இருப்பதால் இன்ன பிரிவு கிடைக்கும் என்று கணக்குப் போடவே முடியாது. வகைப்பாட்டுக்கு முதலில் மருத்துவ ஆவணங்கள் வேண்டும்; எம்.ஆர்.ஐ. அறிக்கை, அறுவைக் குறிப்பு, நரம்பியல் மருத்துவரின் கையொப்பம் ஆகியவற்றை இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். அதன்பின் குழு உடலைச் சோதிக்கும், எறியச் சொல்லிப் பார்க்கும், தேவையென்று கருதினால் போட்டியிலும் கவனிக்கும். புதியவர், மறுபரிசீலனைக்கு உரியவர், உறுதி செய்யப்பட்டவர் என்று பிரிவோடு ஒரு நிலையும் தரப்படும். தேசியப் போட்டியில் கிடைத்த பிரிவு உலகப் போட்டிக்குத் தானாகச் செல்லுபடியாகாது. அங்கே பன்னாட்டுக் குழு மீண்டும் பார்க்கும். சோதனையின்போது கொஞ்சம் தளர்ந்தாற்போல் இருந்தால் கீழ்ப் பிரிவு கிடைக்கும் என்று யோசனை சொல்ல ஆட்கள் இருப்பார்கள். வேண்டுமென்றே திறனைக் குறைத்துக் காட்டுவது தடைக்குரிய குற்றம். அதைச் சொல்லிக்கொடுத்தவரும் தண்டிக்கப்படலாம்.

இது எப்படி முறையாகும் என்ற உங்கள் கேள்விக்கு, பிரிவுகள் இருப்பதால்தான் முறையாகிறது என்பது பாதி விடை. மீதிப் பாதி அவ்வளவு எளிதன்று. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் போட்டி வைக்கப் போதுமான ஆட்கள் உலகத்தில் இருப்பதில்லை. ஆகவே அடுத்தடுத்த பிரிவுகளைச் சேர்த்து ஒரே போட்டியாக நடத்துகிறார்கள். 2012இல் லண்டனில் பெண்கள் ஈட்டியில் 54, 55, 56 ஆகிய மூன்று பிரிவினரும் ஒரே போட்டியில் எறிந்தார்கள். எறிந்த தூரம் அவரவர் பிரிவின் அளவுகோல்படி புள்ளியாக மாற்றப்பட்டு, புள்ளியை வைத்து இடம் முடிவாயிற்று. அதிக தூரம் எறிந்தவர் பின்னால் நிற்பதும், குறைவாக எறிந்தவர் மேடை ஏறுவதும் அங்கே நடக்கக் கூடியவை. பார்வையாளருக்கு ஒன்றும் விளங்காது. அந்த முறை பின்னர் பெரும்பாலும் கைவிடப்பட்டு, இப்போது எஃப் 56 என்று பெயரிட்ட போட்டியில் எஃப் 55 பிரிவினரும் சேர்ந்து வெறும் தூரத்தால் மோதுகிறார்கள். பார்ப்பதற்குத் தெளிவு, ஆனால் கீழ்ப் பிரிவில் இருப்பவர் இடுப்பு வலு உள்ளவரோடு போராட வேண்டியிருக்கிறது. உங்கள் தங்கை எஃப் 55 ஆக முடிவானால், இந்தப் பாரம் அவருக்கு உண்டு. புள்ளி முறை நியாயத்துக்கு அருகில் இருந்தது, தூர முறை புரிதலுக்கு அருகில் இருக்கிறது என்பது என் எண்ணம். நான் பழகிய பயிற்சியாளர்களில் சரிபாதிப் பேர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இருக்கைக்கு வருகிறேன், பணம் போடும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில், சக்கர நாற்காலியில் அமர்ந்து எறிந்த 9 மீட்டரை அவருடைய உண்மையான தூரமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. நாற்காலி உருளவும் சாயவும் வளையவும் செய்யும். கை கொடுக்கும் விசையில் ஒரு பங்கை அது தின்றுவிடும். போட்டியில் பயன்படுவது தரையோடு பட்டைகளால் இறுக்கிக் கட்டிய இரும்புச் சட்டகம். நாங்கள் மைதானத்தில் 'ஃப்ரேம்' என்றே சொல்வோம். விதிப்படி, மேலே போடும் குஷனையும் சேர்த்து அமரும் பரப்பின் உயரம் 75 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அமரும் பலகை சதுரமாகவோ செவ்வகமாகவோ, ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 30 சென்டிமீட்டர் உள்ளதாக இருக்க வேண்டும். அது சமமாகவோ பின்பக்கம் தாழ்ந்தோ இருக்கலாம், முன்பக்கம் தாழ்ந்திருக்கக் கூடாது. எறியாத கையால் பற்றிக்கொள்ளும் பிடிக்கம்பம் ஒரே நேர்த்துண்டாக, வளைவு இல்லாமல், வட்டமாகவோ சதுரமாகவோ இருக்க வேண்டும். ஸ்பிரிங், அசையும் மூட்டு, நீளும் பட்டை எதுவும் கூடாது. எறியும்போது தொடையின் பின்பகுதி, முழங்காலின் பின்புறம் முதல் உட்காரும் எலும்பு வரை, இருக்கையை விட்டு எழவே கூடாது. எழுந்தால் சிவப்புக் கொடி. கால் அசைவு இல்லாதவருக்குத் தொடையை நன்றாகக் கட்டிவிட்டால் இந்தத் தவறு அரிதாகவே வரும்.

கோவையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கணபதியிலோ குறிச்சியிலோ ஒரு வெல்டிங் பட்டறையில் படத்தைக் காட்டினால் இரண்டு நாளில் ஃப்ரேம் தயாராகிவிடும். நான் முதலில் செய்யச் சொன்னது சுமந்து போக எளிதாக இருக்கட்டும் என்று மெல்லிய பைப்பில். பட்டறைக்காரர், "சாருங்க, இது துணி காயப்போடத்தானுங்க தாங்கும்" என்றார், கேட்கவில்லை. முதல் நாளே பிடிக்கம்பம் ஒவ்வோர் எறிக்கும் தென்னங்கீற்றைப் போல ஆடியது. கம்பம் ஆடினால், ஊன்றிய கால் வழுக்கினது போலத்தான். சுவர் தடித்த சதுர இரும்புக் குழாயில் மறுபடி செய்தோம். அதன்பின் இன்னொரு தவறும் செய்தேன்: இருக்கையைச் சரியாக 75இல் வெட்டிவிட்டு, மேலே போடும் குஷனைக் கணக்கில் சேர்க்க மறந்துபோனேன். போட்டி நாளன்று அளவு பார்த்தபோது ஃப்ரேம் தகுதியிழந்தது. அதில் எறிய வந்திருந்த என் மாணவி குஷன் இல்லாமல் பலகையில் அமர்ந்து எறிந்தார். உணர்ச்சி இல்லாத உடலுக்கு அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆகவே 70 சென்டிமீட்டர் அளவில் வெட்டி, மீதியைக் கெட்டியான நுரைக்கு விடுங்கள். அமர்ந்தால் அமுங்கும் என்று நம்பிக் கூட்டாதீர்கள்.

உயரம் அவ்வளவு முக்கியமா என்றால், நான் போட்டுப் பார்த்த கணக்கு இது. காற்றின் தடையை விட்டுவிட்டு, 35 பாகைக் கோணத்தில், தரையிலிருந்து 1.75 மீட்டர் உயரத்தில் ஈட்டி கையை விடுகிறது என்று வைத்துக்கொண்டால், 9 மீட்டர் தூரத்துக்கு நொடிக்கு ஏறக்குறைய 8.5 மீட்டர் வேகம் போதும். அதில் இரண்டு மீட்டருக்கு நெருக்கமான தூரம் வெறும் உயரத்தால் கிடைப்பது. ஆனாலும் உயரத்தில் 10 சென்டிமீட்டர் கூட்டினால் தூரத்தில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர்தான் கூடும். வேகத்தில் நொடிக்கு ஒரு மீட்டர் கூட்டினாலோ தூரம் 1.8 மீட்டர் அளவுக்கு ஏறும். 20 மீட்டருக்கு நொடிக்கு 13.5 மீட்டர் அளவிலும், 24.50 மீட்டருக்கு 15 மீட்டருக்குச் சற்று மேலும் வேகம் தேவைப்படும். அதாவது உங்கள் தங்கைக்கும் எஃப் 54இன் அந்த ரியோ தங்கத்துக்கும் இடையில் இருப்பது, தூரத்தில் பார்த்தால் இரண்டு மடங்குக்கு மேல். கைவேகத்தில் பார்த்தால் ஒன்றரை மடங்கு. மலை மலைதான், ஆனால் சரிவு தெரிகிறது. உறுதியான சட்டகத்தில் பிடிக்கம்பத்தை இடக்கை இழுக்க, அந்த இழுப்பை எதிர்த்து வலத்தோள் முன்னால் வரும்படி பழகினாலே, முதல் சில மாதங்களில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வரும் என்று எதிர்பார்க்கலாம். எத்தனை மீட்டர் என்று நான் எழுதித் தர மாட்டேன். கம்பம் முன்னால் இருக்க வேண்டுமா பக்கவாட்டிலா, எறியும் திசையை நேராகப் பார்த்து அமர வேண்டுமா சற்றுத் திரும்பியா என்பதில் பயிற்சியாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. உடற்பகுதி வலு குறைந்தவர்கள் சற்றுத் திரும்பி அமர்ந்தால் தோளுக்கு இழுப்புத் தூரம் கிடைக்கிறது என்பது என் அனுபவம். ஒரு வாரம் இப்படியும் ஒரு வாரம் அப்படியும் எறிந்து, அளந்து முடிவு செய்யுங்கள்.

அமர்ந்து எறிபவர்களின் ஈட்டிக்கு இன்னொரு சங்கடம் உண்டு. உலோக முனை முதலில் தரையைத் தொட்டால்தான் எறி செல்லும். ஓடி வந்து எறியும் ஈட்டி உயரத்துக்குச் சென்று, தானாகவே மூக்கைக் கவிழ்த்து இறங்கும்; மெதுவாகப் புறப்படும் ஈட்டிக்கு அதற்கு நேரம் போதாமல் தட்டையாக விழுந்து வீணாகும். ஆகவே தூரத்தைத் துரத்தும் முன் முனை குத்தும்படி எறியப் பழக வேண்டும். மணிக்கட்டைப் பின்னால் சாய்த்து முனையை வானத்துக்குத் தூக்கும் பழக்கம் பள்ளியிலிருந்து வந்திருந்தால் அதைக் குறைக்க வேண்டும். ஈட்டியின் வால் பின்சாய்வில் தட்டுகிறதா என்றும் பாருங்கள். ஒருவர் தம் எறிகளை மற்றவர்களுக்காகக் காத்திராமல் ஒன்றன்பின் ஒன்றாக எறிந்து முடிப்பது அமர்ந்து எறியும் போட்டியின் வழக்கம். ஒவ்வோர் எறிக்கும் ஒரு நிமிடம். பயிற்சியிலும் அதே போல எறியச் செய்யுங்கள். காற்றைப் பற்றியும் ஒரு சொல். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் எப்படி அடிக்கும் என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. எறிதல் போட்டிகளில் ஓட்டத்துக்கு உள்ளது போலக் காற்று வரம்பு கிடையாது. பின்காற்றில் எறிந்தாலும் சாதனை சாதனைதான். ஆனால் ஆடிக் காற்றில் கிடைத்த தூரத்தை நோட்டில் எழுதி மகிழ்ந்துவிட்டு, ஐப்பசியில் அது வரவில்லையே என்று அந்தப் பெண்ணை வருந்தவிடாதீர்கள். தேதியோடு காற்றின் திசையையும் எழுதி வையுங்கள்.

இனிச் சொல்வது தூரத்தைவிட முக்கியம். சக்கர நாற்காலியில் வாழ்பவருக்குத் தோள்தான் கால். அதே தோளால் நாற்காலியைத் தள்ளுகிறார், கட்டிலுக்கு மாறுகிறார், ஈட்டியும் எறிகிறார். அதற்கு ஓய்வு நாள் என்று ஒன்று கிடையாது. முழு வேக எறிகளை வாரத்துக்கு இரண்டு மூன்று நாளோடு நிறுத்தி, மற்ற நாட்களில் தோளின் பின்பக்கத் தசைகளுக்கும் தோள்பட்டை எலும்பை இழுத்துப் பிடிக்கும் தசைகளுக்கும் ரப்பர் பட்டையில் வேலை கொடுங்கள். இரவில் தோள் வலித்து விழிப்பு வந்தால் எறிவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். இரண்டாவது, தோல். உணர்ச்சி இல்லாத இடத்தில் அழுத்தப் புண் சத்தமில்லாமல் வரும். ஒரு மணி நேரம் கெட்டிப் பலகையில் இறுக்கிக் கட்டி உட்கார்ந்ததற்கு மூன்று மாதம் குப்புறப் படுக்க நேர்ந்தவர்களை அறிவேன். நான் குஷனை எடுத்துவிட்டு எறியவிட்ட அந்த நாளில் புண் வராமல் போனது என் திறமையால் அன்று. ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் உட்காரும் எலும்புப் பக்கத்தையும், பட்டை இறுக்கிய தொடையையும் அம்மாவோ வேறு பெண்ணோ பார்க்க வேண்டும். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அடுத்த நாள் பயிற்சி இல்லை. மூன்றாவது, வெயில். பாதிப்பு மட்டத்துக்குக் கீழே வியர்வை சரியாக வராததால் உடல் சூடு எளிதில் தணியாது. மாசி பிறந்துவிட்டால் காலை எட்டு மணிக்குமேல் மைதானத்தில் வைத்திராதீர்கள், ஈரத்துணியும் நிழலும் அருகில் இருக்கட்டும். மைதானத்தில் கழிப்பறை வசதி இல்லையே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது பெண்கள் பலரிடம் நான் கண்ட பழக்கம். அது சிறுநீர்த் தொற்றில்தான் முடியும். பெண்கள் சக்கர நாற்காலியோடு போய்த் திரும்பக் கூடிய கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மைதானத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓடுதளம் செயற்கை இழையா மண்ணா என்பது அமர்ந்து எறிபவருக்கு அதற்குப் பிறகுதான்.

போட்டிக்கான வழி சொல்லக் கடினமானதன்று. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் பெயரைப் பதிந்தால் முதலமைச்சர் கோப்பையின் மாற்றுத்திறனாளிகள் பிரிவு தொடக்கத்துக்கு உதவும். அங்கே பிரிவு பிரிப்பது பன்னாட்டு அளவுக்கு நுணுக்கமாக இராது என்பதை அறிந்தே போங்கள். மாநிலச் சங்கம் வழியாக இந்தியப் பாராலிம்பிக் குழுவின் தேசியப் போட்டிக்குப் போகும்போதுதான் முறையான வகைப்பாடு கிடைக்கும். 2023 முதல் கேலோ இந்தியா பாரா விளையாட்டுகளும் இருக்கின்றன. 2025இல் உலகப் போட்டியே தில்லியில் நடந்தது. நம் பக்கத்தில் பாராலிம்பிக் என்றால் சேலம் மாவட்டத்து மாரியப்பனின் உயரம் தாண்டுதல்தான் எல்லோருக்கும் நினைவு வரும். அமர்ந்து எறியும் பெண்ணைப் பார்த்து, இதிலும் போட்டி உண்டுங்களா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டால் தங்கைக்குப் பாதிப் பாரம் குறையும்.

ஆகவே ஒன்பது மீட்டரைப் பற்றி என் விடை: உருளும் நாற்காலியில், பிடிக்கம்பம் இல்லாமல், ஆறு மாதத்தில், தொப்புளுக்குக் கீழே துணையில்லாத உடலோடு வந்த 9 மீட்டர், ஃப்ரேம் செய்யும் செலவுக்குப் போதுமான காரணம். பதக்கத்துக்குப் போதுமா என்பதை இன்று எவராலும் சொல்ல முடியாது. ஃப்ரேம் வந்து மூன்று மாதம் ஆன பிறகு மீண்டும் எழுதுங்கள். அப்போது கைபேசியில் ஆறு எறிகளைப் படம் பிடித்து அனுப்புங்கள். எறியும் கைப்பக்கத்திலிருந்து, இருக்கை மட்டத்தில் கைபேசியை நிலையாக வைத்து, கம்பத்தைப் பற்றிய கையும் ஈட்டி தரையில் குத்தும் இடமும் ஒரே காட்சியில் தெரியும்படி எடுக்க வேண்டும். முகம் தெரிய வேண்டியதில்லை. குஷனோடு சேர்த்து அளந்த இருக்கை உயரத்தையும் மறக்காமல் எழுதுங்கள்.